ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவே

அத்தியாயம் 14

கிரா தன் அக்கா ரிம்மாவின் வீட்டுக்கு ஓடிவந்து அன்றோடு பன்னிரண்டு நாள். கார் கதவில் வைத்துக் கணவன் ரோடியன் நசுக்கிய இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு அப்படியே இருந்தது. உதட்டுத் தையலை மட்டும் பிரித்திருந்தார்கள்.

நோவோசிபிர்ஸ்க் நகரத்தில், ஆற்றின் இடது கரையில், சபூரின் தெரு பதினேழாம் எண் கட்டடத்தில், ஒன்பதாவது மாடியில் இருந்த அந்த வீடு ரோடியனுக்குத் தெரியாது. ரிம்மா செப்டம்பரில்தான் அங்கே குடிவந்திருந்தாள். தெரிந்தவன் தம்பி க்ளெப் ஒருவன்தான். ஃப்ரிட்ஜை முதுகில் சுமந்து மேலே ஏற்றியவன் அவன். ஆனால் அவன் வேலை பார்ப்பது ரோடியனின் டயர் பட்டறையில்.

"நாக்கை அறுத்தாலும் சொல்ல மாட்டேன்கா" என்று போன வாரம் சத்தியம் செய்துவிட்டுப் போயிருந்தான்.

அன்று காலை ரிம்மா சமையலறை ஜன்னலில் போனைச் சாய்த்து வைத்துப் படம் எடுத்தாள். ஒன்பது வருடப் பழக்கம். கூடப் படித்த இங்கா ஜெர்மனியில் பிரேமன் நகரத்துக்குப் போய்விட்டாள். தினா இஸ்ரேலில் ஹைஃபாவுக்குப் போய்விட்டாள். இரண்டு பேருக்கும் ரிம்மா தினமும் ஒரு நிமிடப் படம் அனுப்புவாள். இன்று என்ன சமையல், பனி எவ்வளவு, எந்தப் பக்கத்து வீட்டுக்காரன் காரைக் கிளப்ப முடியாமல் திட்டிக்கொண்டிருக்கிறான், இவ்வளவுதான்.

மைனஸ் முப்பத்தொன்று. கொதிகலன் கூடத்துப் புகைபோக்கியிலிருந்து புகை கம்பம் நட்டதுபோல நின்றது. சூரியனுக்கு வலப்பக்கம் ஒன்றும் இடப்பக்கம் ஒன்றுமாக, கடுங்குளிரில் பனித்துகள்கள் காட்டும் பொய்ச் சூரியன்கள்.

"பாருங்கடீ, இன்னைக்கு எங்க ஊர்ல மூணு சூரியன். இங்கா, உனக்கு ஒண்ணு அனுப்பி வைக்கிறேன். தினாவுக்கு வேணாம், அவளுக்கு இருக்கறதே ஜாஸ்தி."

பின்னால் கிரா சிரித்தாள். பன்னிரண்டு நாளில் முதல் சிரிப்பு. அதுவும் படத்தில் விழுந்தது.

இங்கா அந்தப் படங்களைத் தன் சேனலில் போடுவாள். ஊரை விட்டுப் போன ஆறாயிரம் பேர் அதைப் பார்க்கிறார்கள். கிரா வந்த நாளிலிருந்து, "எதையும் போடாதே, உங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான்" என்று ரிம்மா சொல்லி வைத்திருந்தாள்.

படத்தை அனுப்பிவிட்டு அவள் வேலைக்குப் புறப்பட்டாள்.

* * *

ரிம்மாவின் வேலை லிஃப்ட் கட்டுப்பாட்டு அறையில். நான்கு தெரு தள்ளி, ஒரு கட்டடத்தின் தரைத்தளத்தில் ஜன்னலில்லாத அறை. வட்டாரத்து லிஃப்டுகள் நூற்று நாற்பதும் அவள் முன்னால் திரையில் பச்சை விளக்குகளாக நின்றன. எங்கேயாவது யாராவது மாட்டிக்கொண்டால் சிவப்பு எரியும். அவள் பேசுவாள், ஆறுதல் சொல்வாள், மெக்கானிக் ரஃபாயிலை அனுப்புவாள். வேண்டுமென்றால் இங்கிருந்தே எந்த லிஃப்டையும் நிறுத்தலாம்.

மதியம் ஒன்று ஐம்பதுக்கு இங்கா கூப்பிட்டாள். பிரேமனில் அப்போது காலை எட்டுகூட ஆகியிருக்கவில்லை.

"ரிம்மா, திட்டாதே. முதல்ல நான் சொல்றதைக் கேளு."

"என்னடி?"

"காலைல நீ அனுப்புனதை சேனல்ல போட்டுட்டேன். கிரா குரலை வெட்டிட்டுத்தான் போட்டேன், சத்தியமா. மூணு சூரியன்டி… நான் இங்க சூரியனைப் பார்த்தே மாசக்கணக்காகுது. மனசு கேக்கல."

"எடுத்துடு."

"எடுத்துட்டேன். ஆனா ரெண்டு மணி நேரம் கிடந்திருக்கு. டொரான்டோலேர்ந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. 'ஐயோ, இது என் பழைய ஜன்னல்! சபூரின் தெரு பதினேழு, நாலாவது வாசல்! இருபது வருஷம் இந்தப் புகைபோக்கியைப் பார்த்துத்தான் பல் தேய்ச்சேன்'னு."

ரிம்மா எழுந்து நின்றுவிட்டாள்.

"அதுக்குக் கீழ ஒருத்தன் 'நன்றி'ன்னு மட்டும் எழுதியிருக்கான். அவன் முகப்படத்தை அழுத்திப் பார்த்தேன். ரோடியன்."

இங்காவை இணைப்பில் வைத்தபடியே ரிம்மா கிராவுக்கு அடித்தாள். வேறொரு அழைப்பில் இருக்கிறாள் என்றது போன். தினாவுக்கு அடித்தாள். அதுவும் அப்படியே. ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடிந்து வந்ததும் தினா கிராவோடு வீடியோவில் அரட்டை அடிப்பது இந்தப் பன்னிரண்டு நாளாக நடப்பதுதான்.

"தினா புருஷனைப் பிடிக்கிறேன்" என்றாள் இங்கா. "அவனை எழுப்பியாவது சொல்ல வைக்கிறேன். நீ போலீஸைக் கூப்பிடு."

போலீஸில் ஒரு பெண் நிதானமாகப் பேசினாள். "வண்டி வலது கரைல இருக்கு. பாலத்துல நெரிசல். நாப்பது நிமிஷமாவது ஆகும். கதவைத் திறக்க வேணாம்னு சொல்லுங்க."

ரிம்மா வாக்கி டாக்கியை எடுத்து ரஃபாயிலைக் கூப்பிட்டாள். "என் வீட்டுக்குப் போங்க. கடப்பாரையோட போங்க. எதுக்குன்னு கேக்காதீங்க."

அந்த நேரத்தில் திரையில் பதினேழாம் எண், நாலாவது வாசல் லிஃப்டின் விளக்கு அசைந்தது. லிஃப்ட் ஏறத் தொடங்கியிருந்தது.

ரிம்மா அந்த லிஃப்டுக் கூண்டின் ஒலியைத் திறந்தாள். பூட்ஸ் பனியைத் தட்டும் சத்தம். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"ஒன்பதாவதுதானே?" அது ரோடியன்.

"ஆமா அத்தான். இடது பக்கம், கடைசிக் கதவு."

அது க்ளெப். ரிம்மாவின் கை மேஜையைப் பிடித்துக்கொண்டது.

"பார்த்தியா, சொன்னா என்ன குறைஞ்சு போச்சு? கட்டடம் தெரிஞ்சப்புறம் கதவைக் கண்டுபிடிக்கறதா கஷ்டம்? முப்பத்தாறு கதவையும் நான் தட்டியிருப்பேன்."

"அத்தான்… பைல என்ன?"

"உனக்கெதுக்கு மச்சான்?"

"சுத்தியலா? பேசிக் கூட்டிட்டு வரலாம்னுதானே சொன்னீங்க!"

"பேசத்தான்டா போறேன்."

ரிம்மா பொத்தானை அழுத்தினாள். ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் குலுங்கி நின்றது. 'அவன் லிஃப்ட்ல இருக்கான், நிறுத்திட்டேன்' என்று இங்காவுக்கு ஒரு வரி தட்டிவிட்டாள்.

* * *

"ரோடியன், நான் ரிம்மா பேசறேன். நிறுத்தினது நான்தான். போலீஸ் வந்துட்டிருக்கு. ரெண்டு பேரும் அசையாம நில்லுங்க."

ரோடியனின் சிரிப்பு கேட்டது.

"அடடே, மதினியா! நாற்காலில உக்காந்து பொத்தான் அழுத்துறியே, அந்தப் பொத்தானா? நல்ல வேலைதான். இப்ப லிஃப்டை எடுத்து விடு."

"மாட்டேன்."

"உன் தம்பி என்கூட இருக்கான்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

முதல் அடி எதில் விழுந்தது என்று ரிம்மாவுக்குப் புரியவில்லை. கூண்டின் சுவர்தான் என்று நினைத்தாள். க்ளெப்பின் அலறல் கேட்டபோதுதான் தெரிந்தது. ஒலிபெருக்கி கிர்ரென்று அதிர்ந்து சத்தத்தைக் கிழித்தது.

"முட்டி ஒண்ணு போச்சு" என்றான் ரோடியன், பட்டறையில் வண்டியின் பழுதைச் சொல்வதுபோல. "இன்னொண்ணு இருக்கு. எடுத்து விடறியா?"

ரிம்மாவின் விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. அழுத்தினால் லிஃப்ட் மேலே போகும். இரண்டரை மாடிதான். அங்கே ஒற்றைக் கையோடு கிரா, தகரம்போல மெல்லிய ஒரு கதவு.

அழுத்தாவிட்டால் க்ளெப்.

ரிம்மாவுக்குப் பதினைந்து வயதானபோது பிறந்தவன் அவன். பால் புட்டியைப் பிடித்துக்கொடுத்தவள் அவள்தான்.

"அக்கா!" க்ளெப் மூச்சு வாங்கினான். "அக்கா, திறக்காதே!"

"வாயை மூடுடா."

"திறக்காதேக்கா! இவன் பேச வரல! நான்தான்… நான் ஒரு முட்டாள்க்கா…"

இரண்டாவது அடி. அதன் பிறகு அவன் பேச முயன்றதில் வார்த்தை இல்லை. பல்லும் ரத்தமும் வாயில் புரளும் சத்தம்தான் இருந்தது. ஆனாலும் அவன் சும்மா கிடக்கவில்லை. இருவரும் கட்டிப் புரண்டார்கள். தலை சுவரில் மோதியது. யாரோ யாரையோ கடித்தார்கள், ரோடியன் நாயைப்போல ஊளையிட்டான். சுத்தியல் தரையில் விழுந்து உருண்டது. மறுபடி யாரோ எடுத்தார்கள்.

ரிம்மா தன் இடது கையை வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டாள். வலது கை பொத்தானை விட்டு விலகவும் இல்லை, அழுத்தவும் இல்லை.

மூன்றாவது அடிக்குப் பிறகு க்ளெப்பின் சத்தம் நின்றுபோனது.

"அவ்வளவுதான்" என்றான் ரோடியன். மூச்சு இரைத்தது. "இப்பவாவது விடுவியா? இல்லையா? சரி. நானே வழி பண்ணிக்கறேன்."

இரும்பு இரும்பில் உரசியது. அவன் சுத்தியலின் பின்பக்கத்தைக் கதவு இடுக்கில் கொடுத்து நெம்பத் தொடங்கியிருந்தான்.

* * *

அந்த நேரம் ஒன்பதாம் மாடியில் கிரா வார்ப்பிரும்பு வாணலியில் உருளைக்கிழங்கை வறுத்துக்கொண்டிருந்தாள். போன் சர்க்கரை டப்பாவில் சாய்ந்து நின்றது. அதற்குள் தினா ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தாள்.

"காளானைக் கடைசில போடு. முதல்லயே போட்டா தண்ணி விட்டுடும்."

"எனக்கே சொல்லித் தர்றியா? உனக்கு அங்க காளானே கிடையாது."

"அதனாலதான்டி உன்னைப் போடச் சொல்லிப் பார்த்துட்டிருக்கேன். வாசனையை மட்டும் அனுப்ப முடியல…"

தினாவின் பின்னால் அவள் கணவன் பனியனோடு ஓடிவந்தான். காதில் ஏதோ சொன்னான். தினாவின் முகம் மாறியதைக் கிரா பார்த்தாள்.

"கிரா. அடுப்பை அணை. போனை எடுத்துக்கோ. வெளியே போ."

"என்ன?"

"அவன் லிஃப்ட்ல இருக்கான். ரிம்மா நிறுத்தி வெச்சிருக்கா. படி வழியா இறங்கு. ஓடுடி!"

கிரா கோட்டு போடவில்லை. வீட்டுச் செருப்போடு ஓடினாள். எட்டாம் மாடி வந்தபோதுதான் வலது கையில் வாணலி இருப்பதையே கவனித்தாள். உருளைக்கிழங்கு படியெல்லாம் சிதறிக் கிடந்தது. போன் சட்டைப்பையில் இருந்தது. உள்ளேயிருந்து தினா, "நிக்காதே, நிக்காதே" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

ஏழாம் மாடியில் லிஃப்டின் வெளிக்கதவு ஒரு முழம் திறந்திருந்தது. கூண்டு தரைமட்டத்துக்குப் பாதி கீழே நின்றது. தரையை ஒட்டிய இடைவெளியில் முதலில் இரண்டு கைகள் தெரிந்தன, அப்புறம் தலை.

கிரா அப்படியே கடந்து போயிருக்கலாம். ஆறு மாடிதான் பாக்கி. ஆனால் அவன் தோளுக்குப் பின்னால், கூண்டின் அடியில், தம்பியின் சாம்பல் நிற ஸ்வெட்டரைப் பார்த்தாள். அது இனிச் சாம்பல் நிறமில்லை.

"க்ளெப்?"

அந்த ஒரு நொடி போதுமாக இருந்தது. ரோடியன் கையை நீட்டி அவள் கணுக்காலைப் பிடித்து இழுத்தான். மாவுக்கட்டுக் கை தரையில் மோத, கிரா விழுந்தாள். வலியில் அவளுக்குக் கண் இருண்டது.

"வாடி ராசாத்தி" என்றான். முகமெல்லாம் ரத்தம், அதில் பாதி அவனுடையது இல்லை. "வீட்டுக்குப் போகலாம். உன் குடும்பத்தையே அழ வெச்சுட்டியே."

மார்பு வரை வெளியே வந்திருந்தான். இடுப்புக்குக் கீழே இன்னும் கூண்டுக்குள்தான்.

கூண்டின் ஒலிபெருக்கி பேசியது.

"ரோடியன்."

ரிம்மாவின் குரலில் நடுக்கம் இல்லை. தினமும் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசும் அதே குரல்.

"நான் லிஃப்டை எடுக்கப் போறேன். இது கீழ போகும். நீ இப்ப எங்க கிடக்கறேன்னு பார்த்துக்கோ. கீழ போகும்போது உன் இடுப்பு தரைக்கும் கூண்டோட கூரைக்கும் நடுவுல இருக்கும்."

அவன் அசைவதை நிறுத்தினான்.

"மூணு எண்ணுவேன். ஒண்ணு."

கதவு திறந்திருந்தால் லிஃப்ட் ஓர் அங்குலம்கூட நகராது. அது ரிம்மாவுக்குத் தெரியும், ரஃபாயிலுக்குத் தெரியும், அந்த வேலை பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். டயர் மாற்றுகிறவனுக்குத் தெரியாது.

"ரெண்டு."

அவன் பிடி தளர்ந்தது. திரும்பித் தன் இடுப்பைப் பார்த்தான். பின்னால் நகர முயன்றான். ஜாக்கெட் கதவின் விளிம்பில் மாட்டிக்கொண்டது.

கிரா முழங்காலில் எழுந்து வாணலியை ஓங்கினாள்.

முதல் அடி அவன் மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு உடையும் சத்தம் அவளுக்குப் பழக்கமானது. பன்னிரண்டு நாளைக்கு முன்னால் தன் கையில் கேட்ட அதே சத்தம். இரண்டாவது தலையில்.

"போதும்" என்றான். "கிரா, போதும்…"

மூன்றாவது அடித்தாள். நான்காவது அடிக்கு முன்னால் குனிந்து அவன் முகத்தைப் பார்த்து ஒன்று கேட்டாள். பிறகு அடித்தாள்.

கட்டுப்பாட்டு அறையில் ரிம்மா எல்லாவற்றையும் கேட்டாள். அவள் முன்னால் ஒலிவாங்கி திறந்தே இருந்தது. 'நிறுத்து' என்று ஒரு சொல் சொன்னால் தங்கை கேட்டிருப்பாள்.

ரிம்மா சொல்லவில்லை.

ரோடியன் மெதுவாக வழுக்கிக் கூண்டுக்குள் விழுந்தான். சட்டைப்பையில் தினா இன்னும் அழுதுகொண்டே பேசினாள். "கிரா, அவனை விடு. தம்பியைப் பார். நான் இருக்கேன், நான் நர்ஸ். அவன் நெஞ்சு ஏறி இறங்குதா? போனைத் திருப்பிக் காட்டு."

கிரா போனைத் திருப்பினாள்.

* * *

ரஃபாயில் கடப்பாரையோடு வந்தபோது கிரா கூண்டுக்குள் இறங்கியிருந்தாள். தினா சொல்லச் சொல்ல, க்ளெப்பின் தலையை ஒருபக்கமாகத் திருப்பி, வாயிலிருந்த ரத்தத்தையும் உடைந்த பற்களையும் விரலால் வழித்து எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ரோடியன் முனகிக்கொண்டு கிடந்தான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

ஆம்புலன்ஸ் இரண்டு வந்தன. போலீஸ் அதற்குப் பின்னால்தான் வந்தது.

விசாரணை அதிகாரி இளைஞன். கண்ணாடியில் பனி படிந்திருந்ததால் துடைத்துத் துடைத்துப் பேசினான். மாலை ஐந்து மணிக்குக் கட்டுப்பாட்டு அறைக்கு வந்து ரிம்மாவின் எதிரே உட்கார்ந்தான்.

"பதினோரு நிமிஷம் லிஃப்டை நிறுத்தி வெச்சிருக்கீங்க. உள்ள ஒரு ஆளை அடிக்கறாங்கன்னு தெரிஞ்சே."

"ஆமா."

"அந்த ஆள் உங்க தம்பி."

"ஆமா."

அவன் எழுதிக்கொண்டான். "உங்க தங்கச்சி தற்காப்புக்குத்தான் அடிச்சேன்னு சொல்றாங்க. காலைப் பிடிச்சு இழுத்தான்னு. சரி, இருக்கலாம். ஆனா டாக்டர் சொல்றதைப் பார்த்தா அடி நிறைய. அதுல எத்தனை தற்காப்பு, எத்தனை அதுக்கு மேலங்கறதைக் கோர்ட்டு பார்க்கும்." கண்ணாடியைக் கழற்றினான். "இங்க பேசறதெல்லாம் பதிவாகுமே?"

ரிம்மா திரையைப் பார்த்தாள்.

"ஆகும்" என்றான் அவனே. "அந்தப் பதிவை எடுத்துட்டுப் போகக் கோர்ட்டு ஆர்டரோட நாளைக்கு ஒன்பது மணிக்கு வர்றேன். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது."

அவன் போனதும் இங்கா கூப்பிட்டாள். சேனலையே அழித்துவிட்டதாகச் சொன்னாள். ஒன்பது வருடப் படங்கள், எதுவும் மிச்சமில்லை.

"என்னால வந்தது ரிம்மா. நான்தான். உனக்கு என்னைத் திட்டக்கூடத் தோணலையா?"

"தோணுது" என்றாள் ரிம்மா. "ஆனா நீ தினா வீட்டுக்குச் சொல்லலைன்னா கிரா இப்ப இல்ல. ரெண்டும் நீதான். நான் எதைப் பிடிச்சுக்கறது?"

அவளே போனை வைத்தாள்.

* * *

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கிரா யாரோ கொடுத்த ஆண்கள் கோட்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாவுக்கட்டைப் புதிதாகப் போட்டிருந்தார்கள். நகக்கண்ணில் ரத்தம் காய்ந்திருந்தது. தாழ்வாரத்தின் கடைசி அறை வாசலில் ஒரு போலீஸ்காரன் நாற்காலி போட்டிருந்தான். அங்கே ரோடியன்.

ரிம்மா தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் நிறுத்தலைன்னா க்ளெப்புக்கு இப்படி ஆகியிருக்காது" என்றாள்.

"எனக்கு ஆகியிருக்கும்."

"தெரியும்."

"அவன்தான் திறக்காதேன்னு கத்தினானாம். ரஃபாயில்கிட்ட சொன்னியாமே." கிரா தலையைச் சுவரில் சாய்த்தாள். "கதவைக் காட்டினதும் அவன். திறக்காதேன்னு சொன்னதும் அவன். வெறுக்கலாம்னு பார்த்தா முடிய மாட்டேங்குதுக்கா."

ஒரு தள்ளுவண்டி அவர்களைக் கடந்து போனது. அது போகும்வரை கிரா காத்திருந்தாள்.

"அக்கா, லிஃப்ட்ல நடந்தது எல்லாமே பதிவாகியிருக்குமா?"

"ஆகியிருக்கும்."

"ரோடியன் போதும்னு சொன்னது?"

"கேட்டுப் பார்த்தேன். இருக்கு."

"நான் கடைசியா அவன்கிட்ட கேட்டது?"

ரிம்மா தங்கையின் நல்ல கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். 'இன்னும் சாகலையா நீ?' என்ற அந்தக் குரலை, அந்தக் கேள்விக்குப் பிறகு விழுந்த அடியை, மாலையில் மூன்று முறை ஓடவிட்டுக் கேட்டிருந்தாள். கிராவின் குரல்தான். அதில் கோபம் இல்லை, நடுக்கம் இல்லை. கோர்ட்டில் கேட்பவர்கள் அதைத்தான் கவனிப்பார்கள்.

"இருக்கு" என்றாள்.

எதிரே கதவு திறந்தது. டாக்டர் முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இருவரும் எழுந்தார்கள்.

"உங்க தம்பி உயிருக்கு ஆபத்தில்லை. ஒரு கால் இனிப் பழையபடி வராது. இப்பதான் கண்ணைத் திறந்தான்."

கிரா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ரிம்மா கதவை நோக்கி ஓர் அடி வைத்தாள்.

டாக்டர் கையை நீட்டி மறித்தார்.

"நீங்க போக முடியாதும்மா. அக்காங்க ரெண்டு பேரையும் உள்ள விடவேணாம்னு சொல்லிட்டான். பேச முடியல, பேப்பர்ல எழுதிக் காட்டினான்." அவர் சங்கடத்தோடு தொண்டையைச் செருமிக்கொண்டார். "விசாரணை அதிகாரியைத்தான் கூப்பிடச் சொல்றான். இப்பவே வரணுமாம்."